நடந்து போனவர் மேலும் தப்பு இருந்தால்: ஸ்டேஷனில் முடிப்பதா, 164-ஆ, 166-ஆ, லோக் அதாலத்தா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அம்மாவுக்கு 52 வயது, வீட்டிலேயே தையல் வேலை, மாதம் பத்தாயிரம் போல வரும். இரவு ஏழு மணிக்கு நாலு வழிச்சாலையை சென்டர் மீடியன் இடைவெளியில் கடந்திருக்கிறார். பைக் மோதிக் கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் 1,40,000 ரூபாய். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. பைக்காரர் வீட்டார் ஸ்டேஷனில் வைத்து 60,000 தருகிறோம் என்கிறார்கள். இன்சூரன்ஸ் தரப்பில் விசாரிக்க வந்தவர், "ஜீப்ரா கிராஸிங் இல்லாத இடத்துல கடந்தது உங்கம்மா தப்பு, கேஸ் போட்டாலும் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "60,000 வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா அண்ணா?" இதுதான் கேள்வி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். இதே கேள்வியோடு இன்னும் நாலைந்து பேர் எழுதியிருப்பதால், எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தலைப்பில் உள்ள 164, 166 இரண்டும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவுகள்: முதலாவது யார் தப்பு என்று கேட்காமல் தரும் நிலையான தொகை, இரண்டாவது முழு நஷ்டத்தையும் கணக்குப் போட்டுக் கேட்கும் மனு. லோக் அதாலத் என்பது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்.

முதலில் அந்த "நிக்காது"

நடந்தவர் மேல் தப்பு இருந்தால் வழக்கே போய்விடும் என்பது உண்மையில்லை. கோர்ட்டில் இதைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்பார்கள். வராந்தா பேச்சில் "கான்ட்ரிபியூட்டரி". விபத்துக்கு நடந்தவரும் 30 சதவீதம் காரணம் என்று, மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் முடிவு செய்தால், மொத்த நஷ்டஈட்டில் 30 சதவீதம் கழியும், மீதி 70 சதவீதம் கைக்கு வரும். தப்பு உரிமையை அழிப்பதில்லை, தொகையைத்தான் குறைக்கிறது.

அந்தத் தப்பை நிரூபிக்க வேண்டியவர்களும் நாமல்ல, அப்படிச் சொல்லும் இன்சூரன்ஸ் கம்பெனிதான். வாயால் சொன்னால் போதாது. வண்டி ஓட்டியவரையோ நேரில் பார்த்தவரையோ கூண்டில் ஏற்ற வேண்டும். பல வழக்குகளில் கம்பெனி ஓட்டுநரை விசாரிக்காமலே "நடந்தவர் திடீரென்று குறுக்கே வந்தார்" என்று எதிருரையில் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும். அந்த வரிக்குத் தீர்ப்பாயத்தில் பெரிய மதிப்பு கிடைப்பதில்லை. நம் பக்கம் நிரூபிக்க வேண்டிய அளவும் கிரிமினல் கேஸ் போல "சந்தேகத்துக்கு இடமின்றி" அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். கிரிமினல் கோர்ட்டில் ஓட்டுநர் விடுதலையானாலும் நஷ்டஈட்டு வழக்கு அதனால் மட்டும் விழாது.

ஜீப்ரா கிராஸிங்குக்கு வெளியே கடந்தது மட்டுமே தப்பாகிவிடாது. அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் கிராஸிங் இருந்தது, வெளிச்சம் இருந்ததா, மீடியனில் எல்லோரும் கடக்கிற இடைவெளியா, வண்டி என்ன வேகம் என்று எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். கிராஸிங்கிலேயே அடிபட்டிருந்தால் நம் நிலை இன்னும் பலம். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள்படி, அங்கே வேகத்தைக் குறைத்து, நடப்பவருக்கு வழிவிட வேண்டியது ஓட்டுநரின் கடமை. சின்னக் குழந்தைகள் மேல் கான்ட்ரிபியூட்டரி சுமத்துவதற்கு நீதிமன்றங்கள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை.

நடைபாதையில் கடை, டிரான்ஸ்பார்மர், நிறுத்தி வைத்த பைக் என்று அடைத்திருந்ததால் தார்ச்சாலை ஓரம் நடந்தவருக்கு இன்னொரு வாதமும் உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், நல்ல நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. நடைபாதையே இல்லாத இடத்தில் "ஏன் ரோட்டில் நடந்தாய்" என்று கேட்பது சுலபமில்லை. ஆனால் படம் வேண்டும். விபத்து நடந்த வாரமே, கடை காலியாவதற்கு முன், போய் நாலு படம் எடுத்துவிடுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதிப் பாருங்கள். முழு நஷ்டம், எதிர்கால வருமானமும் சேர்த்து, எவ்வளவு வரும்? நம் பக்கத் தப்பு அதில் எவ்வளவைக் கழிக்கும்? எத்தனை நாள் காத்திருக்க முடியும்? கையில் என்ன காகிதம் இருக்கிறது? கடைசியாக, ஒருமுறை ஒத்துக்கொண்டால் திரும்ப வர வழி உண்டா?

ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

| | ஸ்டேஷன் ராஜி | பிரிவு 164 | பிரிவு 166 | கம்பெனி சமரசம் / லோக் அதாலத் |
|---|---|---|---|---|
| தொகை | பேசுகிற அளவு | உயிரிழப்பு 5 லட்சம், கொடுங்காயம் 2.5 லட்சம் | கணக்குப்படி, உச்சவரம்பு இல்லை | 166 கணக்கிலிருந்து பேரம் |
| நம் தப்பு | பேரத்தில் நம்மை மிரட்டப் பயன்படும் | பார்ப்பதில்லை | சதவீதமாகக் கழியும் | பேரத்தின் மையமே இதுதான் |
| காலம் | அன்றே | நடுத்தரம் | வருடக்கணக்கு | 166-ஐ விடக் குறைவு |
| யார் தருவது | வண்டிக்காரர் | உரிமையாளர் அல்லது இன்சூரன்ஸ் | ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் | இன்சூரன்ஸ் |
| திரும்ப வழி | சிக்கல் | 166 மனு முடிந்துவிடும் | மேல்முறையீடு உண்டு | அப்பீல் இல்லை |

ஸ்டேஷனில் பேசி முடிப்பது

இதன் ஒரே பலம் வேகம். சிராய்ப்பு, வீக்கம், இரண்டு நாள் வேலை போச்சு என்ற அளவில் முடிகிற விபத்துக்கு இதுவே நல்ல வழி. எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, செலவும் நாலு நாள் கூலியும் வாங்கிக்கொண்டு போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. மோதியது சைக்கிள் என்றாலும் அநேகமாக இதுதான் வழி, ஏனென்றால் சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட, பதிவு எண் இல்லாத சின்ன பேட்டரி வண்டிகளும் அப்படித்தான். அவற்றுக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது, சிவில் கோர்ட்தான்.

எலும்பு முறிந்த வழக்கில் இந்த வழியை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும். பிளேட் வைத்த கால் ஒரு வருடம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரும். பிளேட்டை எடுக்க வேண்டும், சில சமயம் சீழ் வைத்து மறு ஆபரேஷன். 60,000 அதற்குள் கரைந்திருக்கும். "எங்களுக்குள் சமாதானமாகப் போய்விட்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்த தாள் மட்டும் ஸ்டேஷன் ஃபைலில் பத்திரமாக இருக்கும். அந்தத் தாள் மட்டும் தீர்ப்பாயத்தின் கதவைச் சாத்திவிடாதுதான். ஆனால் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்று மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு முடித்திருந்தால், எந்த வண்டி மோதியது என்று நிரூபிப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். கம்பெனி அந்தத் தாளையே நமக்கு எதிராகக் காட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால், எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியது கம்பெனிதான். ராஜி பேசுகிற பைக்காரர் தன் கைக்காசைத் தருகிறார். ஏன்? கேஸ், லைசென்ஸ், வெளிநாட்டு வேலைக்கான போலீஸ் சான்றிதழ் என்று அவருக்கு ஆயிரம் கவலை. சில சமயம் ஓட்டியவருக்கு லைசென்ஸே இருக்காது. லைசென்ஸ் இல்லாவிட்டாலும் நாம் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் முதலில் கம்பெனி நமக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படிதான் தீர்ப்பு வரும்.

உயிரிழப்பு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு (அலட்சியத்தால் உயிரிழப்பு) குற்றம் குடும்பத்தார் ராஜி செய்துகொள்ளக்கூடியது அல்ல.

பிரிவு 164: யார் தப்பு என்று கேட்காத பணம்

2019 திருத்தத்தில் வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். யாருடைய அலட்சியம் என்று சொல்லவோ நிரூபிக்கவோ தேவையில்லை. நடந்தவர் தானே குறுக்கே பாய்ந்தார் என்று பத்துப் பேர் சாட்சி சொன்னாலும் இந்தத் தொகை குறையாது. முன்பு இதேபோல் தப்பைக் கேட்காமல் தொகை தந்த 163-ஏ பிரிவு இப்போது இல்லை. இன்னும் அதைப் பேசுகிற பெரியவர்களைச் சந்தித்தால் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

கொடுங்காயம் என்றால் உயிருக்கு ஊசலாட வேண்டும் என்று நினைக்கிறார்கள். எலும்பு அல்லது பல் முறிந்தால் போதும். பாரதிய நியாய சன்ஹிதாப்படி 15 நாள் கடும் வலியிலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமலோ இருந்தாலும் கொடுங்காயம்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது 20 நாள்.

மறைந்திருக்கிற விலை ஒன்றுதான், ஆனால் பெரியது. 149-ஆம் பிரிவு சொல்லும் சமரச வழியே கம்பெனியிடம் 164 தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள 166 மனு அத்தோடு முடிந்தது. "இதை இடைக்காலமா வாங்கிக்கோங்க, மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய 140-ஆம் பிரிவில் அப்படி ஒரு இடைக்காலத் தொகை இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள்.

யாருக்கு இது நல்லது? கணக்குப் போட்டால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது: வயதானவர்களுக்கு. எழுபது வயதுப் பூக்காரப் பாட்டி, மாத வருமானம் 8,000, இரண்டு பிள்ளைகள், சாலை விபத்தில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். 166-இல் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, வருடத்துக்குக் கணக்கிட்டு, அந்த வயதுக்கான பெருக்கு எண் (எத்தனை வருட வருமானம் கொடுப்பது என்று வயதை வைத்துக் கோர்ட் எடுக்கும் எண்) 5-ஆல் பெருக்கினால் 3,20,000. பிள்ளைகள் இருவருக்குமான பாச இழப்பு, ஈமச்செலவு எல்லாம் சேர்ந்தால் நாலரை லட்சத்துக்குச் சற்று மேல். பாட்டி மேல் தப்பே இல்லை என்றாலும், 164-இன் 5 லட்சம் இதைவிட அதிகம். 30 சதவீதத் தப்பு என்றால் 166-இல் சுமார் 3.17 லட்சம்தான் வரும். இந்த மாதிரி வழக்கில் 166-க்குப் போய் ஐந்து வருடம் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

பிரிவு 166: முழுக் கணக்கு

இங்கே நிலைமை தலைகீழ். 44 வயதுக் கொத்தனார், மாதம் 18,000, மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா. அவர் விபத்தில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சுயதொழில் செய்யும் 40 முதல் 50 வயதுக்காரருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்க்க வேண்டும்: 22,500. சார்ந்திருப்போர் நாலு பேர் என்பதால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிந்தால் 16,875. 2009 சரளா வர்மா தீர்ப்பின் பெருக்கு எண் 14. வருடத்துக்குக் கணக்கிட்டுப் பெருக்கினால் 28,35,000. அவர் மேல் பாதித் தப்பு என்றே வைத்தாலும் 14 லட்சம் வரும். 5 லட்சத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது, அந்தக் குடும்பம் தன் கையாலேயே ஒன்பது லட்சத்தைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

காயப்பட்டவர்களுக்குக் கணக்கு வேறு. 2011 ராஜ்குமார் எதிர் அஜய் குமார் தீர்ப்புப்படி, மருத்துவர் எழுதித் தரும் ஊன சதவீதத்தை அப்படியே எடுக்கக் கூடாது. அது அவருடைய பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்று பார்க்க வேண்டும். காலில் 30 சதவீத ஊனம் ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒரு மாதிரி, மிதிமெஷினில் தைக்கிறவருக்கு வேறு மாதிரி.

கடிதம் எழுதிய பெண்ணின் அம்மாவுக்குப் போட்டுப் பார்க்கிறேன். மாதம் 10,000, 51-55 வயதுக்குப் பெருக்கு எண் 11, பிழைப்பு இழப்பு 20 சதவீதம் என்று வைப்போம், எதிர்கால உயர்வு 10 சதவீதம். வருவது 2,90,400. ஆஸ்பத்திரிச் செலவு 1,40,000, ஐந்து மாத வருமான இழப்பு 50,000, வலிக்கும் வேதனைக்கும் ஒரு லட்சம், போக்குவரத்து, கவனித்துக்கொள்ள ஆள் என்று 20,000. மொத்தம் ஆறு லட்சம்.

- அம்மா மேல் 30 சதவீதத் தப்பு என்றால் 4.2 லட்சம்
- 50 சதவீதம் என்றால் 3 லட்சம்
- 58 சதவீதத்தைத் தாண்டினால்தான் 164-இன் 2.5 லட்சத்துக்குக் கீழே போகும்

இந்த "தாண்டும் புள்ளி"யை ஒவ்வொருவரும் தங்கள் வழக்குக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 164 தொகையை 166 மொத்தத்தால் வகுத்து, சதவீதமாக்கி, நூற்றிலிருந்து கழித்தால் கிடைக்கும். அதைவிட அதிகத் தப்பு நம் மேல் விழும் என்று தோன்றினால் 164, இல்லையென்றால் 166.

சரி, 166-இன் மறைவுச் செலவுகள். முதலில் காலம். அப்புறம் வக்கீல் பங்கு. தீர்ப்புத் தொகையில் சதவீதம் பேசுவது இந்திய பார் கவுன்சில் விதிப்படி தடைசெய்யப்பட்டது. ஆனாலும் நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு போனால் 4.2 லட்சம் 3.36 லட்சமாகும். அப்போதும் 2.5-ஐ விட அதிகம்தான், ஆனால் இந்தக் கழிவையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அங்கே போவதைக் கேவலமாக நினைக்கிறார்கள், எனக்குப் புரிந்ததேயில்லை.

ஒரு ஆறுதல்: மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்பதும் இல்லை. நாம் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். திருச்சி பைபாஸில் அடிபட்ட தென்காசிக்காரர் தென்காசியிலேயே நடத்தலாம்.

கெடு ஆறு மாதம். இதுவும் 2022 ஏப்ரல் முதல் வந்ததுதான். இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் போட்டிருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி சும்மா இருக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

மோதியது அரசு பஸ் என்றால் இன்னொரு விஷயம். நம் போக்குவரத்துக் கழகங்கள் பெரும்பாலும் இன்சூரன்ஸ் எடுப்பதில்லை, சட்டமே விலக்குத் தருகிறது. கழகமே கட்ட வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல், பஸ் ஸ்டாண்டில் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்கிற செய்தியைப் பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்! அந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவழி: கம்பெனி சமரசமும் லோக் அதாலத்தும்

போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு, கம்பெனி நியமித்த அதிகாரி 30 நாளில் ஒரு தொகை சொல்ல வேண்டும். நமக்குச் சரி என்றால் தீர்ப்பாயம் அதையே தீர்ப்பாக்கும், 30 நாளில் பணம். சரியில்லை என்றால் வழக்கு வழக்கம் போல நடக்கும். காகிதத்தில் இப்படி. நடைமுறையில் நாள் நழுவுவதைப் பார்க்கலாம்.

லோக் அதாலத்தில் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; தீர்ப்பு இறுதி, அப்பீல் கிடையாது. பேரம் முழுக்க இரண்டு எண்களைச் சுற்றித்தான் நடக்கும்: ஊன சதவீதம், நம் தப்பு சதவீதம். கம்பெனித் தரப்பு வாயைத் திறந்ததும் "50 கான்ட்ரிபியூட்டரி" என்பார்கள். அது ஏலத்தின் தொடக்க விலை. "எந்தச் சாட்சியை வைத்து 50?" என்று திருப்பிக் கேட்டால் 30-க்கு இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வட்டியை விட்டுவிடச் சொல்வார்கள். மூன்று வருட வட்டி என்றால் அது சின்னத் தொகையல்ல, அதையும் பேரத்தில் வையுங்கள்.

இந்த வழிக்கு ஏற்ற நேரம் ஒன்று உண்டு. சிகிச்சை முடிந்து, மெடிக்கல் போர்டு ஊனச் சான்று கைக்கு வந்த பிறகு. அதற்கு முன் உட்கார்ந்தால் நமக்கே நம் நஷ்டம் தெரியாது. உண்மையாகவே நம் பக்கம் கணிசமான தப்பு இருந்து, மொத்தத் தொகையும் பெரிதாக இருக்கிற வழக்குகளுக்கு இதுதான் நல்ல இடம் என்பது என் எண்ணம். 164 போதாது, 166 தீர்ப்பில் எத்தனை சதவீதம் கழியும் என்று சொல்லவும் முடியாது. இரண்டு தரப்புக்கும் பயம் இருக்கும்போதுதான் நியாயமான தொகை வரும்.

அடித்துவிட்டு ஓடிய வண்டி

இங்கே தேர்வுக்கு இடமில்லை. வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிரிவு 161 திட்டம்: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. நம் தப்பு பேசப்படாது. தாலுகா, கோட்ட அளவிலான அதிகாரியிடம் விண்ணப்பம், கலெக்டர் உத்தரவு. பின்னால் வண்டி கிடைத்து 166-இல் பணம் வந்தால், இதைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் இதை வாங்கியதற்காக வண்டியைத் தேடுவதை விட்டுவிடாதீர்கள். டோல்கேட், பெட்ரோல் பங்க் கேமராப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும். போலீஸிடம் முதல் வாரத்திலேயே எழுத்து மூலம் கேளுங்கள்.

எந்த வழியானாலும், அந்த ஒரு வரி

சதவீதத்தை முடிவு செய்வது பெரும்பாலும் கோர்ட்டில் பேசுகிற பேச்சு இல்லை. விபத்து நடந்த இரவில், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், டியூட்டி டாக்டர் எழுதுகிற ஒரு வரி. அழைத்துப்போனவர் போலீஸ் தொல்லை வேண்டாம் என்று "தானா விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிடுவார். அந்த வரி பிறகு யானை பலத்தோடு வந்து நிற்கும். வண்டி எண் தெரியாவிட்டாலும், "ரோட்டைக் கடக்கும்போது பைக் மோதியது" என்று அங்கேயே பதிவாக வேண்டும். "மது வாடை" என்று ஒரு குறிப்பு விழுந்தால், அதைத் தாண்டுவது சிரமம்.

எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வழக்கமான வாசகம் இருக்கும். அதோடு விடாமல், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் கடந்தார், எத்தனை அடி கடந்திருந்தார் என்பதையும் புகாரில் எழுதுங்கள். சாலையில் முக்கால்வாசி கடந்தவரை வண்டி இடித்தால், "திடீரென்று இறங்கினார்" என்ற வாதம் பலவீனமாகிவிடும். போலீஸ் வரையும் இடப்படமான ரஃப் ஸ்கெட்சில் மீடியன் இடைவெளியும் தெருவிளக்கும் வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டில் வண்டியின் எந்தப் பாகம் நசுங்கியது என்று இருக்கும். அது நம் சொல்லோடு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டு, அதில் ஓரமாக நின்றவர் அடிபட்டால் அது கான்ட்ரிபியூட்டரி அல்ல, கூட்டுக் கவனக்குறைவு. கம்பெனிகள் இரண்டையும் குழப்பப் பார்க்கும். 2015-இல் கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: இரண்டில் எந்தத் தரப்பிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம், அவர்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதியது

ஏ.ஆர். காப்பியையும் எஃப்.ஐ.ஆரையும் வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். "ரோட்டைக் கடந்தபோது இருசக்கர வாகனம் மோதியது" என்று முதல் வரியிலேயே இருக்கிறது. மீடியனைத் தாண்டி, சாலையின் கடைசி ஓரத்தில் விழுந்துகிடந்ததாகப் புகாரில் இருக்கிறது. இடைவெளிக்கு நேரே விளக்குக் கம்பம் உண்டு, ஆனால் எரியவில்லையாம். என் கணிப்பில், அதிகம் போனால் 25, 30 சதவீதம். 60,000 வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 164-இலும் கையெழுத்துப் போடாமல், 166-இல் மனுவைப் போடச் சொன்னேன். ஆறு மாதக் கெடு தாண்ட இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பிளேட் எடுத்து, ஊனச் சான்று வந்ததும் லோக் அதாலத்தில் பேசலாம். நாலு லட்சத்துக்குக் கீழே ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

"தையல் வருமானத்துக்கு என்ன ஆதாரம் அண்ணா காட்டுறது?" என்று கேட்டிருக்கிறார். நூல், லைனிங் துணி வாங்கிய கடை பில்கள், கூகுள் பேயில் கூலி வந்த பதிவுகள், ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களின் சாட்சியம். இவை மூன்றும் போதும். அளவுக் குறிப்பு எழுதிய பழைய நோட்டு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.